நலமுள்ள நாளிலே வைத்தியரைக் காண்டல்

நோய் வந்த பின்னர் மருந்து தேடுவது உலக வழக்கு. கால் ஒடிந்தவன் கட்டுப் போடுவாரை நாடுகிறான். பல்வலி கொண்டவன் பொழுது விடியுமுன்னரே வைத்தியசாலையின் வாயிலில் நிற்கிறான். வலியென்பது உடம்பு நமக்கு விடுக்கும் ஓலை. அவ்வோலை கிடைத்த பின் செல்வதே முறை என நாம் பழகிவிட்டோம். பிற நோய்களில் இப்பழக்கத்தால் விளையும் கேடு சிறிதாயிருத்தல் கூடும். கருவுற்ற மாதர் விஷயத்திலோ இது பெருங்கேட்டுக்கு இடமாகின்றது. ஏனெனின், வயிற்றிலுள்ள சிசுவை அழிக்கவோ ஊனப்படுத்தவோ வல்ல கிருமிகளுட் பல, தாய்க்கு வலி யாதும் தாராமலே உட்புகுவன. ஓலை வாராமலே பகை வந்துவிடுகின்றது. ஆதலின், கருவுற்றவள் நலமாயுள்ள நாளிலேதான் முதன்மையாக வைத்தியரைக் காணவேண்டும் என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கல்லூரிச் சஞ்சிகையில் இப்பொருள் எற்றுக்கு என்று வினவுவார் சிலர் இருக்கலாம். இக்கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவரும் மாணவியரும் இன்னும் சில ஆண்டுகளில் இல்லறத்தில் அமர்வர். பலர் பள்ளி ஆசிரியராய்ப் பிள்ளைகள் நடுவே வாழ்வர். சிலர் கிராமங்களில் உத்தியோகம் ஏற்று, ஊரார் யோசனை கேட்கும் நிலையை அடைவர். பின்னாற் கூறப்போகும் தற்காப்புகளுள் முதன்மையானவை கரு உண்டாவதற்கு முன்னரே செய்துகொள்ள வேண்டியவை. ஆகையால், இவற்றைக் கேட்டற்குரிய பருவம் இப்பருவமே என்க.

வைரஸ் என மேல்நாட்டார் வழங்கும் நச்சுக்கிருமி, சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் அகப்படாத நுண்மை உடையது. தனித்து வாழும் ஆற்றல் அதற்கில்லை. பிற உயிரணுவினுட் புகுந்து, அவ்வணுவின் கருவிகளையே கொண்டு தன்னைப் பெருக்கிக் கொள்ளும் இயல்பினது. வளர்ந்த மனிதனது உடம்பு அதனோடு பொருது வெல்லும் படைகளை உடையது. தாயின் வயிற்றில் உருவாகிக் கொண்டிருக்கும் சிசுவுக்கோ அப்படை இன்னும் அமையவில்லை. முதல் 12 வாரங்களில் கண், செவி, இருதயம், மூளை என்னும் உறுப்புகள் வகுக்கப்படுகின்றன. வீடு கட்டும்போது அடித்தளத்தில் நேர்ந்த பிழை மேற்சுவர் முழுவதையும் கெடுத்தல்போல, அவ்வாரங்களில் உட்புகுந்த கிருமி வாழ்நாள் முழுதும் நீங்காத ஊனத்தை விளைத்துவிடும்.

இவ்வுண்மையை உலகம் அறிந்தது 1941-ஆம் ஆண்டிலேயாகும். ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்தில் நார்மன் கிரெக் என்னும் கண் வைத்தியர் இருந்தார். அவ்வாண்டின் முற்பகுதியில், பிறவியிலேயே கண்ணிற் புரை படர்ந்த சிசுக்கள் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாய்த் தம்மிடம் வருவதைக் கண்டு அவர் வியந்தார். அவற்றுட் பல இருதயக் கோளாறும் உடையனவாயிருந்தன. தாய்மாரை விசாரித்தபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கருவுற்ற தொடக்க மாதங்களில் ருபெல்லா என்னும் நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. 1940-இல் அந்நாட்டில் அந்நோய் பெருவாரியாய்ப் பரவியிருந்தது. தம்மிடமும் தம் தோழர்களிடமும் வந்த 78 சிசுக்களின் செய்திகளைத் திரட்டி, அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலே கண் வைத்தியர் சபையொன்றில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார்.

ருபெல்லா எத்தகைய நோய் என்பதை ஈண்டு நோக்குதல் தகும். ஜெர்மன் தட்டம்மை எனவும் பெயர் பெறும் இந்நோயில், 2 அல்லது 3 நாட்கள் இலேசான சுரம் காணும். காதுக்குப் பின்புறத்தும் கழுத்திலும் சிறிது நெறி கட்டும். உடம்பிற் செந்தடிப்புத் தோன்றி மறையும். சிலருக்குத் தடிப்புங்கூடத் தோன்றாது. அதனைப் பெரியதொரு நோயாக ஒருவரும் மதித்திலர். இத்துணை மெல்லிய நோய் பிறவிக் குருட்டுக்குக் காரணமாகுமோ எனப் பலரும் ஐயுற்றனர். லண்டனிலிருந்து வெளிவரும் பெயர்பெற்ற வைத்திய இதழொன்றே, கிரெக்கின் கொள்கை இன்னும் நிலைநாட்டப்படவில்லை என்று 1944-இல் எழுதிற்று. பின்னர், அவர் கூறியது உண்மையென்பதும், கண்ணும் இருதயமுமன்றிச் செவியும் கெடும் என்பதும் ஐயமற விளங்கின. கருவுற்ற தொடக்க வாரங்களில் தாய்க்கு ருபெல்லா வருமாயின், 10 சிசுக்களுள் 9 வரையில் அக்கிருமியைப் பெறக்கூடும் என்பது இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறும் கணக்கு.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அத்தாய்மாருள் ஒருத்தியும் கவலையற்றவள் அல்லள். 2 நாட் சுரத்துக்கு வைத்தியரைத் தேடாதது அவர்கள் குற்றமுமன்று. நோய் தன்னைக் காட்டிக்கொள்ளாமையே அங்கே பகையாய் நின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1964, 1965-ஆம் ஆண்டுகளில் இந்நோய் பரவியபோது, ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் மக்கள் அதற்கு ஆளாயினர். 20,000 சிசுக்கள் பிறவி ஊனங்களோடு பிறந்தன. அவற்றுட் பல்லாயிரம் செவிப்புலன் இழந்தவை. அத்துயரத்துக்குப் பின்னரே, 1969-இல், தடுப்பூசி அந்நாட்டில் வழக்கத்துக்கு வந்தது.

நம் நாட்டில், 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் தட்டம்மை, ருபெல்லாத் தடுப்பூசியை ஒருங்கே இடும் பெருமுயற்சி 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கிற்று. முதற்கண் மேற்கொண்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அப்போது கைப்பேசி வழியாய்ப் பரவிய வதந்திகளைக் கேட்டு, பெற்றோர் சிலர் தம் மக்களை ஊசி போடும் நாளிற் பள்ளிக்கு அனுப்பாது நிறுத்திக்கொண்டனர். அஞ்சியவர் மீது சினங்கொள்ளுதல் பயனற்றது. தன் பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்னும் அன்பினின்றே அவ்வச்சம் பிறந்தது. ஆயினும், அன்று ஊசி பெறாத சிறுமி இன்று மணப்பருவம் எய்தியிருப்பாள் என்பதை நினைத்தல் வேண்டும். அம்முயற்சி தொடங்கிய நாளில் 15 வயதைக் கடந்திருந்த மாதரும் இவ்வூசி பெறாதவராய் இருத்தல் கூடும். இவ்வூசி வலிகுன்றிய உயிர்க்கிருமியாற் செய்யப்படுவது. ஆதலின், கருவுற்றபின் இடுவதில்லை. இட்ட பின்னரும் ஒரு மாதம் கருவுறாதிருத்தல் வேண்டும் என்பர். எனவே, இதற்குரிய காலம் திருமணத்துக்கு முன்னரே. மணவோலை எழுதும் வீட்டில், நகைக்கும் சேலைக்கும் போட்டுக்கொள்ளும் கணக்கினூடே, மணமகள் இவ்வூசி பெற்றிருக்கின்றனளா என்னும் வினாவும் ஒரு வரியாக இடம்பெறுதல் வேண்டும் என்பது எமது விருப்பம்.

மணமகனையும் ஈண்டு மறத்தலாகாது. ருபெல்லா ஆடவர் வாயிலாகவும் பரவுவது. 2017-இல் சிறுவருக்கும் ஊசி இட்டது இதனாலேயாம். கருவுற்றவளைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் தடுப்புப் பெற்றவராயின், கிருமி அவளை அணுகற்கு வழியின்றி ஒழியும்.

இனி, ருபெல்லாவினும் மறைவாய் உறையும் கிருமிகளைக் கூறுவோம். கல்லீரலைப் பற்றும் பி வகை மஞ்சட்காமாலைக் கிருமி, தாயின் உதிரத்தில் பல்லாண்டு ஓசையின்றித் தங்கியிருக்கும். அவளுக்குக் கண் மஞ்சளாதலும் இல்லை. பசி குன்றுதலும் இல்லை. பிரசவ காலத்தில் அது சிசுவைப் பற்றுமாயின், அவ்வாறு பற்றப்பட்ட 10 சிசுக்களுள் 9 வாழ்நாள் முழுதும் அதனைச் சுமந்து, பிற்காலத்தில் கல்லீரல் சுருங்கல், புற்றுநோய் என்பவற்றுக்கு ஆளாகும் நிலையை அடைகின்றன. தடுக்கும் வழியோ மிக எளிது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் சிசுவுக்கு முதல் ஊசி இடுதல் வேண்டும். தாயின் உதிரத்திற் கிருமியுண்டென்று முன்னரே தெரியுமாயின், அதனோடு வேறொரு காப்பு மருந்தையும் ஊசியாய்ச் செலுத்துவர். வேண்டுமாயின், தாய்க்கும் கடை மாதங்களில் மருந்து கொடுப்பர். முன்னரே தெரிதல் என்பது உதிரத்தைச் சோதித்தாலன்றி இயலாது.

எச்.ஐ.வி. என்னும் கிருமியும் இத்தகையதே. இந்தியாவில் அது முதன்முதற் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னை மாநகரிலே. டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவர் மாணவி டாக்டர் நிர்மலா அவர்களும் அதனைக் கண்டு வெளிப்படுத்தினர். சிகிச்சை யாதும் பெறாவிடின், தாயினின்று சிசுவுக்கு இக்கிருமி செல்லும் அளவு 100-க்கு 15 முதல் 45 வரையாம். தாய் முறையாக மருந்துண்டு, சிசுவுக்கும் மருந்து கொடுக்கப்படுமாயின், 100-க்கு 5-இனும் குறையும். இத்துணைப் பெரிய வேற்றுமைக்குத் தொடக்கம், கருவுற்ற உடனே செய்யும் ஓர் உதிரச் சோதனையேயாகும். இச்சோதனைக்கு மாதர் அஞ்சுவது எதனால் என்பதை யாம் அறிவோம். நோயினும் மிகுதியாய்ப் பழியையும் வீட்டாரையும் அவர்கள் அஞ்சுகின்றனர். சோதனைக்கு உடன்பாடு பெறவேண்டும் என்பதும், முடிவை மறைபொருளாகக் காக்கவேண்டும் என்பதும், நோயுற்றாரை வேற்றுமையாய் நடத்தலாகாது என்பதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள். சட்டம் காப்பது ஒருபுறம் இருக்க, கணவன் தானும் உடன் சென்று, தன் உதிரத்தையும் சோதிக்குமாறு கை நீட்டுவானாயின், பெண்ணின் அச்சத்திற் பாதி அங்கேயே நீங்கும்.

இதுகாறும் கூறியவை ஊசியாலும் சோதனையாலும் தடுக்கப்படுவன. வீட்டாரது அன்றாட ஒழுக்கத்தால் தடுக்கப்படுவனவும் உள. இ வகை மஞ்சட்காமாலைக் கிருமி, கழிவு கலந்த குடிநீரால் வருவது. 1955, 1956-ஆம் ஆண்டுகளில் தில்லி நகரத்துக் குடிநீரில் யமுனை வழியாகச் சாக்கடை நீர் கலந்தமையால், ஏறக்குறைய 29,000 மக்கள் மஞ்சட்காமாலையுற்றனர். ஏனையோர் பெரும்பாலும் பிழைத்தெழ, கருவுற்ற மாதரிடையே சாவு மிகுந்தது. கடை மூன்று மாதங்களில் இந்நோய் கண்ட மாதருள், 100-க்கு 20 அல்லது 25 பேர் இறத்தலும் உண்டு. நம் நாட்டில் இதற்குப் பொது வழக்கிலுள்ள தடுப்பூசி இல்லை. கொதிக்கவைத்து ஆற்றிய நீரே மருந்து. கருவுற்றவளுக்கென்று தனியே ஒரு குடம் வெந்நீர் ஆற்றி வைத்தல் எந்த ஏழை வீட்டிலும் இயலாத காரியமன்று.

சின்னம்மை கண்ட வீட்டில் வாயிலிலே வேப்பிலை செருகுவதும், கருவுற்ற மாதர் அவ்வீட்டினுட் செல்லாமையும் நம்மவருள் நெடுநாளாய் உள்ள வழக்கங்கள். காரணம் எதுவாகக் கூறப்படினும், தொற்றுள்ள வீட்டை ஊருக்கு அறிவித்து, தக்கவரை விலக்கிய அவ்வொழுக்கம் அறிவுடையதே. நகர வாழ்க்கையில் அவ்வடையாளம் மறைந்து வருகின்றது. சின்னம்மை கண்டவரோடு கருவுற்றவள் அறியாது பழகிவிட்டால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராது, அன்றே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். சில நாட்களுக்குட் செலுத்தினாற் பயன்படும் காப்பு மருந்து உண்டு. நாள் கடப்பின் அது பயன்படாது.

சிறு குழந்தைகளின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் தங்கும் சைட்டோமெகலோ என்னும் கிருமி, பிறவிச் செவிட்டுக்கு ஒரு காரணம். மூத்த குழந்தை உண்டு மீந்த சோற்றைத் தாய் உண்பது நம் வீடுகளில் அன்பின் செயல். வயிற்றில் மற்றொன்று உள்ள நாளில் மட்டும் அவ்வன்பை வேறு வகையாற் காட்டுக. குழந்தையின் துணி மாற்றிய பின்னர் சோப்பினாற் கை கழுவுக. இன்புளூயன்ஸாச் சுரம் கருவுற்றாரிடத்து வன்மையாய்த் தாக்குவது. அதற்குரிய தடுப்பூசி உயிரற்ற கிருமியாலாயது, எந்த மாதத்திலும் இடத்தக்கது, பிறக்கும் சிசுவையும் முதல் மாதங்களிற் காப்பது. டெங்கு, ஸிகா ஆகிய இரண்டும் பகலிற் கடிக்கும் கொசுவால் வருவன. 2015-இல் பிரேஸில் நாட்டில் ஸிகாவினால் தலை சிறுத்த சிசுக்கள் பல பிறந்தன. 2021-இல் நம் அயல் மாநிலமாகிய கேரளத்திலும் அந்நோய் தோன்றிற்று. கொல்லையிற் கிடக்கும் தேங்காய்த் தொட்டியையும் உடைந்த பானையையும் கவிழ்த்து வைப்பது ஆண்மக்களுக்கு இழுக்காகாது.

இனி, வைத்தியரைக் காணும் முறையைக் கூறுவோம். ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில், 1901-ஆம் ஆண்டளவில் பாலண்டைன் என்னும் வைத்தியர், பிரசவத்துக்கு முன்னர் வரும் கர்ப்பவதிகளுக்கென ஒரு படுக்கையை வைத்தியசாலையில் ஏற்படுத்தச் செய்தார். பிரசவ வலி கண்ட பின்னரே வைத்தியர் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே மாறத் தொடங்கிற்று. இன்று கருவுற்ற 12 வாரங்களுக்குள் முதற் பரிசோதனையும், அதன் பின்னர் முறையாய்ப் பல பரிசோதனைகளும் வேண்டும் என்பது துணிபு. நம் நாட்டில் 4 முறையேனும் காண்க என்பர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2016-இல் 8 முறை என வகுத்தனர். உதிர அழுத்தம், உடல் நிறை, உதிரத்தின் செம்மை, சிறுநீரிற் புரதமும் சர்க்கரையும், சிசுவின் வளர்ச்சி, அதன் இருதயத் துடிப்பு ஆகியவை நோக்கப்படுகின்றன. உதிர அழுத்தம் ஏறுவதும் பெரும்பாலும் உணரப்படாமலே ஏறுகின்றது. ஆதலின் நச்சுக்கிருமிக்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசாங்க வைத்தியசாலைகளிலும் இப்பரிசோதனைகள் இலவசம். மாதந்தோறும் 9-ஆம் நாளிற் கர்ப்பவதிகளைப் பரிசோதிக்கும் ஏற்பாடு 2016-இல் தொடங்கிற்று. ஏழை மாதர் கூலியிழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட உதவித் திட்டம், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தமேயாம்.

இதற்குத் தடையாய் நிற்பன யாவை? நம்மவர் வழக்கம் ஒன்றை முதற்கண் கூறுதல் வேண்டும். கரு உண்டான செய்தியை 3 மாதம் கழியும் வரை வெளியிற் சொல்லலாகாது, கண்ணேறு படும் என்பர். அம்மூன்று மாதமே கிருமியால் மிக்க ஊறு விளையும் காலம். முதற்பரிசோதனைக்குரிய காலமும் அதுவே. வழக்கத்தை முழுதும் விடுத்தல் வேண்டும் என யாம் வற்புறுத்தவில்லை. ஊராரிடம் மறைக்க, வைத்தியரிடமும் கிராம சுகாதாரச் செவிலியிடமும் மறையாதொழிக. அவர்கள் கண் கண்ணேறு படுங் கண்ணன்று. மற்றொரு வழக்கம், தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லுதல். அன்பு மிக்க இவ்வழக்கத்தில் ஒரு குறை நேர்கின்றது. வளைகாப்பு முடிந்து, பலகாரத்தோடும் பட்டுச் சேலையோடும் பெண் புறப்படுகிறாள். உதிரச் சோதனையின் முடிவெழுதிய அட்டை மட்டும் புகுந்த வீட்டுப் பெட்டியிலே தங்கிவிடுகின்றது. புதிய ஊரின் வைத்தியர் அவளது நிலையை அறியாதவராகிறார். சீர்வரிசையின் முதற் பொருளாக அவ்வட்டையை வைத்தனுப்புக.

"எம் பாட்டிமார் பத்துப் பெற்றனர்; எந்த வைத்தியரைக் கண்டனர்?" என்பார் உளர். பெற்றவரை எண்ணுகின்றோம், பேறுகாலத்தில் மடிந்தவரையும் எண்ணினாலன்றிக் கணக்கு நிறைவுறாது. மடிந்தவர் எவர்க்கும் பாட்டியாகவில்லை. அண்மைக் காலத்துக் கணக்கையே நோக்குக. தமிழ்நாட்டில் 1 லட்சம் பிரசவங்களுக்கு மடிந்த தாய்மார் 2001-2003-இல் 134, 2018-2020-இல் 54. இக்குறைவுக்குக் காரணம் பல. முறையான பரிசோதனையும் வைத்தியசாலைப் பிரசவமும் அவற்றுள் தலையாயவை.

குறைகூறுவோர் பக்கத்தும் நியாயம் உண்டு. ஒரு நாட் கூலியை இழந்து, பேருந்தில் இடிபட்டு வரும் கர்ப்பவதி, உட்கார இடமின்றி நெடுநேரம் நிற்கிறாள். சில இடங்களில் கடுஞ்சொல்லும் கேட்கிறாள். சுரமும் இருமலும் உடையார் நிற்கும் அதே வரிசையில் அவளையும் நிறுத்துதல் முற்றும் தகாதது. தொற்றைத் தடுக்க வந்தவள் தொற்றைப் பெற்றுச் செல்வாளாயின், அவ்வைத்தியசாலையின் பயன் யாது? கர்ப்பவதிகளுக்குத் தனியிடமும், இருக்கையும், இன்சொல்லும் அளித்தல் வைத்தியசாலைகளை நடத்துவோர் கடமையாம். இன்சொல்லுக்குப் பொருட்செலவு ஏதும் இல்லை.

மாணவ நண்பர்காள், வெள்ளம் வருமுன் அணை கோலுதலை நாம் பழமொழியாக ஓதுகின்றோம். வயலுக்கு அவ்வாறே செய்கின்றோம். வீட்டிலுள்ள தமக்கையோ, அண்ணியோ, அண்டை வீட்டுப் பெண்ணோ கருவுற்ற செய்தி நும் செவிக்கு எட்டும்போது, "உடம்பு எப்படியிருக்கிறது?" எனக் கேட்பதோடு அமையற்க. "சுகமாயிருக்கிறேன்" என்னும் விடை வருமாயின், "அப்படியானால் இன்றே வைத்தியரைக் கண்டு வருவோம்" என்று கூறி, உடன் செல்லவும் ஒருப்படுக. கற்ற கல்வி ஊருக்குப் பயன்படும் வழிகள் பல. அவற்றுள், ஒரு குழந்தை கண்ணொளியோடும் செவிப்புலனோடும் பிறக்குமாறு செய்தலினும் மேலானதொன்றை யாம் அறியோம்.